அடிக்குப் பதில் சொல்லும் உடம்பு: பிரேக் டான்ஸைப் புரிந்துகொண்டு பார்க்க ஓர் அறிமுகம்

தோட்டத்துத் திருவிழா மேடையானாலும் சரி, பாடசாலைக் கலைவிழாவானாலும் சரி, பிரேக் டான்ஸ் ஆடுகிற பையன் தலையைத் தரையில் ஊன்றிச் சுற்றும்போதுதான் விசில் பறக்கிறது. அதற்கு முன்னால் அவன் நின்றபடி ஆடியதையும், கையூன்றிக் கால்களைத் தரையோடு தரையாக வீசியதையும் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. சுற்றி முடித்ததும் பாதிக் கூட்டத்துக்கு ஆர்வம் போய்விடுகிறது. பெரியவர்கள் "நல்லாத்தான் வித்தை காட்டுறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சி என்ன என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பையன் அந்த ஒரு நிமிடத்தில் செய்தது அதைவிடப் பெரிய காரியம். ஒலிபெருக்கியில் ஓடிய டிரம்ஸின் அடிகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றுக்கு உடம்பால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கே வேகம், எங்கே நிதானம், எந்த அடியில் அப்படியே நின்றுவிடுவது என்று ஆட ஆட முடிவெடுத்துக்கொண்டிருந்தான். தலையூன்றிச் சுற்றியது அதில் ஒரு பகுதி. மீதியையும் பார்க்கப் பழகிக்கொண்டால் இந்த ஆட்டத்தைப் பார்க்கிற சந்தோஷமே வேறு. அப்படிப் பழகிக்கொள்ள நீங்கள் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் முன்பு இளவட்டங்கள் பிரேக் என்று ஆடியதில் பெரும்பகுதி மைக்கேல் ஜாக்சனையும் பிரபுதேவாவையும் பார்த்துப் பழகியது. ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிக்கு அலை ஓடுவது, மூட்டுகள் வெட்டி வெட்டி நிற்பது, இயந்திர மனிதனைப்போல் திரும்புவது. இவை பாப்பிங், லாக்கிங் என்ற குடும்பத்து ஆட்டங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவில் வளர்ந்தவை. அவையும் அருமையான கலைகள்தான். அவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போவது கிழக்குக் கரையில், நியூயோர்க் நகரத்து பிராங்ஸில் பிறந்து, தரையையே தன் இடமாக்கிக்கொண்ட ஆட்டத்தை. ஆடுகிறவர்கள் அதைப் பிரேக்கிங் என்பார்கள். ஆடுகிற ஆண் பி-பாய், பெண் பி-கேர்ள்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி, பிராங்ஸில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு விருந்து வைத்தார். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்குவதற்குள் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க வேண்டும், அதுதான் நோக்கம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் அது. கிளைவை ஊர் அறிந்தது டி.ஜே. கூல் ஹெர்க் என்ற பெயரில். ராப் பாட்டும் பிரேக்கிங்கும் சேர்ந்த ஹிப்ஹாப் பண்பாட்டின் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த இரவுதான்.

ஹெர்க் கூட்டத்தைக் கூர்ந்து பார்க்கிறவர். அன்றைய ஃபங்க் பாட்டுகளில் ஓர் இடம் வரும்: பாடகர் நிறுத்திவிடுவார், மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிவிடும், டிரம்ஸும் தாளக்கருவிகளும் மட்டும் தனியாக முழங்கும். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக். சில வினாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில வினாடிக்காகவே சிலர் சுவரோரம் காத்திருந்து, அது வந்ததும் நடுவில் பாய்ந்து ஆடுவதை ஹெர்க் கவனித்தார். உடனே அவருக்கு ஒரு யோசனை. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு சுழல்மேசைகளில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடிகிற நேரம் மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கினார். அது முடிவதற்குள் முதல் தட்டைத் திரும்பச் சுற்றி வைத்துக்கொண்டார். சில வினாடி முழக்கம் நிமிடக்கணக்கில் நீண்டது. சுவரோரம் காத்திருந்தவர்களுக்கு வேண்டிய அளவு நேரம் கிடைத்தது. அந்தப் பிரேக்கில் ஆடியவர்கள்தான் முதல் பி-பாய்கள். இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் 1973இல் வெளியிட்ட 'அப்பாச்சி' என்ற இசைத்தட்டின் பிரேக் இன்றைக்கும் போட்டிகளில் ஒலித்தால் அரங்கமே எழுந்து நிற்கும்.

அன்றைய பிராங்ஸில் வசதி கிடையாது. குறுக்கே போட்ட நெடுஞ்சாலை குடியிருப்புகளைப் பிளந்திருந்தது. கைவிடப்பட்ட கட்டடங்கள் எரிந்தன. வேலை இல்லை. இந்த ஆட்டத்தை வளர்த்த கறுப்பின இளைஞர்களுக்கும் போர்ட்டோ ரிக்கோ வழிவந்த இளைஞர்களுக்கும் நடன வகுப்புக்குக் கொடுக்கக் காசு இல்லை. தெருவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து ஆடினார்கள். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கால்வேகம், குங்ஃபூ படங்களின் உதைகள், லத்தீன் நடனங்களின் இடுப்பசைவு எல்லாம் அந்த அட்டையின் மேல் வந்து சேர்ந்தன. 1977இல் தொடங்கிய ராக் ஸ்டெடி க்ரூ போன்ற குழுக்கள் தரை ஆட்டத்தைப் பல மடங்கு விரித்தன. அக்குழுவினர் சற்று நேரமே வந்துபோன 'ஃப்ளாஷ்டான்ஸ்' என்ற 1983ஆம் ஆண்டுத் திரைப்படம் பிராங்ஸுக்கு வெளியே கோடிக்கணக்கானவர்களுக்கு அதைக் காட்டிவிட்டது.

ஆட்டத்துக்கும் முழக்கத்துக்கும் உள்ள இந்த உறவை மலையகத்தாருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. மாசியில் காமன் கூத்து நடக்கிற பொட்டலில் நின்றவர்களுக்கு அது தெரியும். தப்பு மேளத்தின் அடி மாறினால் ஆட்டம் மாறும். ரதியும் மன்மதனும் ஆடும்போது ஓர் அடி, வீரபத்திரன் இறங்கும்போது வேறு அடி. தப்படிக்கிறவர் ஆடுகிறவரின் காலைப் பார்ப்பார், ஆடுகிறவர் தப்பைக் கேட்பார், சுற்றி நிற்கிற சனம் இரண்டு பேரையும் தூண்டிவிடும். பிரேக்கிங்கிலும் அந்த மூன்று தரப்பும் உண்டு: பாட்டுப் போடுகிற டி.ஜே., ஆடுகிறவர், வட்டம் கட்டி நிற்பவர்கள். வட்டத்துக்கு சைஃபர் என்று பெயர். மேடை, நடுவர், பரிசு எல்லாம் பின்னால் வந்தவை, சைஃபர்தான் மூத்தது. ஒருவர் உள்ளே போவார், ஆடுவார், வெளியே வருவார், அடுத்தவர் போவார். பெரிய போட்டிகளில்கூட மேடைக்குப் பின்னால் நடக்கிற சைஃபரில்தான் ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் உண்மையாக எடைபோடுகிறார்கள்.

இனி ஆட்டத்துக்குள் போவோம்.

ஒரு பி-பாய் வட்டத்துக்குள் நுழைந்ததும் நின்றபடி ஆடுவதற்கு டாப்ராக் என்று பெயர். ஒரு கால் குறுக்கே முன்னால் போகும், கைகள் மார்பிலிருந்து விரியும், கால் திரும்பி வரும், அடுத்த கால் போகும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். அனுபவமுள்ளவர்கள் ஆளைப் பிடித்துவிடுவது இந்த இடத்தில்தான். டிரம்ஸில் கனமாக இறங்குகிற ஒலி கிக். சுள்ளென்று வெடிக்கிற ஒலி ஸ்னேர். நான்கு நான்காக எண்ணினால் ஸ்னேர் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் விழும். ஆடுகிறவரின் கால் அந்த ஸ்னேரில் போய் இறங்குகிறதா, தோளும் மார்பும் சேர்ந்து ஆடுகின்றனவா, இல்லை கால் மட்டும் தனியாக ஏதோ செய்கிறதா என்று பாருங்கள். டாப்ராக்கில் அடியைப் பிடிக்காதவர் தரையில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் எனக்கு அது ஆட்டமாகத் தெரிவதில்லை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்தான்.

நின்ற நிலையிலிருந்து தரைக்கு இறங்குவது கோ-டவுன். முழங்காலை மடித்துச் சுழன்று இறங்கலாம், பின்பக்கமாகச் சரிந்து கையில் விழலாம். நல்ல ஆட்டக்காரர் எப்போது இறங்கினார் என்பதே தெரியாது. ஆட்டம் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

தரையில் கைகளை ஊன்றிக்கொண்டு கால்களால் வரைகிற ஆட்டம் ஃபுட்வொர்க். பிரேக்கிங்கின் உயிர் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இதைச் சற்று நெருங்கியே பார்ப்போம். புதிதாகச் சேர்கிற எல்லோரும் பழகுகிற அடிப்படை, சிக்ஸ் ஸ்டெப். தண்டால் எடுக்கிற நிலையில், கால்களை அகட்டி, இரண்டு உள்ளங்கையையும் ஊன்றித் தொடங்குங்கள். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஒரு காலை முன்னால் கொண்டுவந்து உடம்புக்குக் குறுக்கே வைக்க வேண்டும். அது ஒன்று. அடுத்த கால் அதன் பின்னால் வந்து மடங்கும். இப்போது குந்தியிருக்கிறீர்கள், கால்கள் பின்னியிருக்கின்றன. அது இரண்டு. முதல் கால் பின்னலிலிருந்து விலகிப் பக்கவாட்டில் போகும். அது மூன்று. இந்த இடத்தில் ஊன்றிய கை மாற வேண்டும். நான்கு, ஐந்து, ஆறில் கால்கள் மறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், தொடங்கிய தண்டால் நிலையிலேயே உங்களைக் கொண்டுவந்து விட வேண்டும். இவ்வளவு நேரமும் இடுப்பு தரையில் படக்கூடாது, மேலே தூக்கிக்கொண்டும் நிற்கக்கூடாது.

படிக்க எளிது. செய்து பார்த்தால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். உடம்பின் எடை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் கணம் அது. புதியவர்களுக்கு அந்த இடத்தில் உள்ளங்கை தொப்பென்று விழும். தேர்ந்தவர்களின் கை விழுகிற சத்தமே கேட்காது. விரல் நுனி முதலில் பட்டு, பிறகு கை முழுதும் படிந்துவிடும். எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் பழகுகிற ஒரு பையன் பாட்டே போடாமல், வாயால் "தும் தக், தும் தும் தக்" என்று சொல்லிக்கொண்டே சிக்ஸ் ஸ்டெப் போடுவான். ஏன் என்று கேட்டேன். "பாட்டு போட்டா கால் அவசரப்படுதுண்ணே. வாயில சொன்னா நானே புடிச்சு வெச்சுக்கலாம்" என்றான். அடியைப் பற்றி எவ்வளவு பெரிய புத்தகமும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

சிக்ஸ் ஸ்டெப்புக்குள் ஓர் அழகான கணக்கும் இருக்கிறது. பாட்டை ஆடுகிறவர்கள் எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். கால் ஆறு ஆறாகப் போகிறது. அடிக்கு ஒரு காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு தொடங்கும்போது நீங்கள் ஒன்றாம் காலடியில் இருப்பீர்கள். இரண்டாவது எட்டு தொடங்கும்போது ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றின் மூன்றாம் காலடிக்குப் போயிருப்பீர்கள். மூன்றாவது எட்டு தொடங்கும்போது ஐந்தாம் காலடி. 24 அடி முடிந்த பிறகுதான் பாட்டின் மூன்று எட்டும் உங்களுடைய நான்கு சுற்றும் ஒன்றாக முடிந்து, பாட்டின் ஒன்றும் காலின் ஒன்றும் மறுபடி சந்திக்கும். அதுவரைக்கும் பாட்டின் கனமான முதலடி உங்களுடைய வேறு வேறு காலடியில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். தேர்ந்த பி-பாய் இதைக் காதிலேயே வைத்திருப்பார். பாட்டு ஒரு திருப்பத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் ஆறையும் முடிக்காமல் நாலோடு வெட்டிவிடுவார். இல்லையென்றால் ஓர் உதையைச் செருகி இரண்டு அடியை நிரப்பிக்கொள்வார். காலைத் தேடிக்கொண்டு பாட்டு வந்ததுபோல நமக்குத் தோன்றும். நடனத்திலோ மிருதங்கத்திலோ தாளக் கணக்குப் பழகியவர்கள் இந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு பிரேக்கிங்கை விடவே மாட்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டம் சட்டென்று உறைந்து நிற்பது ஃப்ரீஸ். ஆரம்பத்தில் பழகுவது பேபி ஃப்ரீஸ். ஒரு முழங்கையை மடித்து இடுப்புக்குச் சற்று மேலே விலாவோரம் குத்தி, அந்தக் கையின் உள்ளங்கையைத் தரையில் ஊன்ற வேண்டும். மற்றக் கையும் தலையின் ஒரு பக்கமும் தரையில் படும். ஆக மூன்று இடம்தான் தரையைத் தொடும். அந்த மூன்றின் மேல் உடம்பு முழுவதும் நிற்கும், கால்கள் மடங்கிக் காற்றில் இருக்கும். கை பலத்தால் உடம்பைத் தூக்கப் பார்க்கிறவர்களுக்கு இது வராது. முழங்கை சரியான இடத்தில் குத்தி, எடை அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் ஒல்லியான பிள்ளைகூட ஆடாமல் நிற்கும். பார்வையாளராக நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: எந்த அடியில் உறைந்தார், உறைந்த பிறகு நடுக்கம் இருந்ததா, அந்த உருவம் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிந்ததா. கொரியாவின் ஹாங் டென் என்ற பி-பாய் ஃப்ரீஸுக்குப் பேர்போனவர். ரெட் புல் பிசி ஒன் என்ற உலகப் போட்டியை 2006இலும் 2013இலும் வென்றவர், 2023இலும் வென்றார். முதல் வெற்றிக்கும் மூன்றாம் வெற்றிக்கும் நடுவில் 17 ஆண்டு. இளமை வேகம் மட்டும் இருந்தால் போதும் என்கிற ஆட்டத்தில் இது நடக்காது.

விசில் வாங்குகிற பகுதிக்கு வருவோம். பவர் மூவ். விண்ட்மில்லில் கால்களை அகல விரித்து, தோளிலும் மேல்முதுகிலும் மாறி மாறி உருண்டு சுற்றுவார்கள். உடம்பைச் சுற்றவைப்பது கால் வீச்சுத்தான்; முதுகு அதன்பின் போகிறது. ஃப்ளேரில் கைகள் மாறி மாறி ஊன்ற, விரிந்த கால்கள் தரையைத் தொடாமல் உடம்பைச் சுற்றி வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் கர்ட் தோமஸின் பெயரால் அறியப்பட்ட அசைவு அது. அங்கே அதைக் கட்டைக்குதிரை மேல் செய்வார்கள், பி-பாய் வெறும் தரையில் செய்கிறார். பிறகு தலையூன்றிச் சுற்றுகிற ஹெட்ஸ்பின், ஏர்ஃப்ளேர் என்று போகும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பாடசாலையில் படித்த பௌதிகம்: சுற்றிக்கொண்டிருக்கும்போது கை கால்களை உடம்போடு ஒடுக்கினால் வேகம் கூடும், விரித்தால் குறையும். முதுகில் சுற்றுகிறவர் முழங்கால்களை நெஞ்சோடு இறுக்கியதும் சுற்று எப்படி வேகமெடுக்கிறது என்று கவனியுங்கள். பவர் மூவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் தோலும் மூட்டும் தேயப் பழகினால்தான் அது கைவரும். ஆனால் அது பாட்டின் மேல் உட்கார வேண்டும், முன்னால் ஓடிய ஃபுட்வொர்க்கிலிருந்து பிறக்க வேண்டும், பின்னால் ஒரு ஃப்ரீஸில் போய் முடிய வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்கி, ஓடிவந்து ஒரு சுற்று என்றால் அது வெறும் உடற்பயிற்சி.

சரி, இவ்வளவையும் பழகிவிட்டால் போதுமா? இந்த ஆட்டத்தின் மிகக் கடினமான நிபந்தனை இனிமேல்தான் வருகிறது. போட்டியில் எந்தப் பாட்டு வரும் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் டி.ஜே. எதிராளி இப்போதுதான் ஆடி முடித்திருக்கிறார். அவர் ஏதாவது பிரமாதமாகச் செய்திருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. பேட்டில் என்று சொல்வது இதைத்தான். ஒருவரை ஒருவர் தொடக்கூடாது. கையசைவால் சீண்டலாம், முகத்துக்கு நேரே போய் உறையலாம், சண்டை முழுக்க ஆட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். கைகளில் எடையைத் தாங்கிக்கொண்டு தலைகீழாகவும் நேராகவும் மாறி மாறி ஒரு நிமிடம் ஆடுவது எவ்வளவு நீளம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அதோடு முடிந்துவிடாது, அடுத்த சுற்று இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 9, 10ஆம் திகதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கில், பிளாஸ் டி லா கான்கோர்ட் சதுக்கத்தில் பிரேக்கிங் முதன்முதலாக அரங்கேறியது. அதற்கு முன் 2018இல் புவெனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் வந்திருந்தது. பாரிஸில் ஒன்பது நடுவர்கள் இருந்தார்கள். நுட்பம், அசைவுகளின் வளம், பிசகில்லாமல் செய்து முடித்தல், இசையுணர்வு, தனித்துவம் என்று ஐந்து அளவுகோல்கள். ஐந்துக்கும் சம எடை. தலையூன்றிச் சுற்றுவதற்குத் தனியாக இத்தனை புள்ளி என்று எங்கும் இல்லை. பெண்களில் ஜப்பானின் அமி தங்கம் வென்றார், லித்துவேனியாவின் 17 வயது நிக்கா வெள்ளி, சீனாவின் '671' என்ற பெயரில் ஆடுகிற பெண் வெண்கலம். ஆண்களில் கனடாவின் ஃபில் விசார்ட், பிரான்ஸின் டேனி டேன், அமெரிக்காவின் விக்டர் என்ற வரிசை. அமியின் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். எங்கே ஓர் அசைவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஆனால் நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நாட்களில் எனக்கு வந்ததெல்லாம் புள்ளியே எடுக்காமல் வெளியேறிய ஓர் ஆஸ்திரேலியப் போட்டியாளரைக் கேலி செய்யும் துண்டுகள்தான். ஒலிம்பிக்கில் பிரேக்கிங் என்றால் இவ்வளவுதான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த மேடையில் அத்தனை பேர் உயிரைக் கொடுத்து ஆடியிருக்க, நாம் பார்த்தது அந்த ஒன்றை மட்டும் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இல்லை. இதனால் ஆட்டத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஜெர்மனியில் 1990இல் தொடங்கிய பேட்டில் ஆஃப் தி இயர் என்ற போட்டி, ஒலிம்பிக் பிரேக்கிங்கைவிட 34 ஆண்டு மூத்தது. விளையாட்டா கலையா என்ற வாதம் ஆடுகிறவர்களுக்குள்ளேயே நடக்கிறது. விளையாட்டு வீரருக்கு வேண்டிய உடம்பு இதற்கு வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரைப்போலவே இன்னொருவர் ஆடினால் இங்கே அது குற்றம். அப்படிப்பட்ட ஒன்றைக் கலை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தக் குற்றத்துக்கு பைட்டிங் என்று பெயர். அடிப்படைகள் எல்லோருக்கும் பொது. சிக்ஸ் ஸ்டெப்பை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் தன் உழைப்பில் கண்டுபிடித்த அசைவை அப்படியே எடுத்துத் தன்னுடையதாகக் காட்டினால், வட்டத்தில் நிற்பவர்கள் கடிப்பதுபோல் சைகை செய்து அம்பலப்படுத்திவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் தன் உடம்பைத் தானே படிக்க வேண்டியிருக்கிறது. நெட்டையானவருக்கு ஒரு ஆட்டம், குட்டையானவருக்கு ஒரு ஆட்டம். பிரான்ஸின் ஜூனியர் என்ற பி-பாய்க்குப் போலியோவால் ஒரு கால் பலவீனம். அவர் கைகளின் பலத்தை வைத்தே தன் ஆட்டத்தைக் கட்டினார். கையூன்றி அவர் நிற்கிற உயரத்துக்கு இரண்டு காலும் பலமாக உள்ளவர்களால் போக முடியவில்லை. கனடாவின் லேஸிலெக்ஸ் ஊன்றுகோல்களோடு ஆடுகிறவர். 2007இல் அவர் தொடங்கிய இல்-எபிலிட்டீஸ் குழுவில் எல்லோருமே ஏதோ ஒரு மாற்றுத்திறனோடு ஆடுகிறவர்கள். குறையை மறைத்து ஆடினார்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த உடம்புக்கு மட்டுமே வருகிற அசைவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

இதை எழுதும்போது ஓர் ஆசையும் சேர்ந்து வருகிறது. காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அர்ச்சுனன் தபசும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் டாப்ராக்கில் அந்தக் காலடிகளைக் கொண்டுவரலாம். தப்பின் மேலேயே ஒரு சைஃபர் போடலாம். கொரியர்களும் ஜப்பானியர்களும் பிரான்ஸில் வாழ்கிற ஆபிரிக்க வழிவந்தவர்களும் தங்களுடையதைக் கொண்டுவந்துதான் இந்த ஆட்டத்தில் இடம் பிடித்தார்கள். நம்முடைய பிள்ளைகளிடம் கொண்டுவர ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வீட்டில் எதிர்ப்பு வருவது சகஜம். "படிக்கிற புள்ள தரையில உருண்டுகிட்டுக் கெடக்குது" என்பார் அப்பா. பெண்பிள்ளை என்றால் அம்மாயிக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவர்களிடம் வாதாடுவதைவிட, உட்காரவைத்து ஒரு பேட்டிலைப் போட்டு, எங்கே அடி விழுகிறது, எங்கே கால் இறங்குகிறது என்று விரலால் காட்டிக் கொடுப்பது நல்லது. தப்புச் சத்தத்தோடு வளர்ந்த பெரியவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடுகிறது. சில நேரம் நம்மைவிடக் கூர்மையாகப் பிழை கண்டுபிடிக்கவும் தொடங்கிவிடுவார்கள்.

பழக நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கேயும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் விடிகாலைச் சீமெந்துத் தரை விறைத்துப்போய்க் கிடக்கும். குளிர்ந்த மணிக்கட்டில் எடையைப் போட்டால் சுளுக்குத்தான். கொழும்பில் இருக்கிறவர் உடம்பைச் சூடாக்க எடுக்கிற நேரத்தைப்போல் இரண்டு மடங்கு எடுங்கள். விரல்களைப் பின்னிக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றுங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்து மெதுவாக எடையை முன்னும் பின்னும் மாற்றுங்கள். தோள்களையும் கழுத்தையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் தரை ஈரம் கசிந்திருக்கும், துடைத்துவிட்டு ஆடுங்கள். கடையில் கிடைக்கிற பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் நல்ல தளம். ஆனால் நான்கு பக்கமும் டேப் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அட்டையோடு சேர்ந்து நீங்களும் வழுக்கிப் போவீர்கள்.

டாப்ராக்கும் சிக்ஸ் ஸ்டெப்பும் பேபி ஃப்ரீஸும் உடம்பில் ஊறும்வரை சுற்றுகளைத் தொட வேண்டாம். முக்கியமாக ஹெட்ஸ்பின். கழுத்துத் தசை பலப்படாமல், ஆள் துணை இல்லாமல் அதைச் செய்வது ஆபத்து. ஆண்டுக்கணக்கில் செய்கிறவர்களுக்கு உச்சியில் முடி உதிர்வதும் தலைத்தோல் தடித்து வீங்குவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சுற்றுகிறவர்கள் தொப்பி போடுவது உராய்வைக் குறைக்கத்தான். 

காணொளி பார்த்துத் தனியாகப் பழகுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது தாங்கள் ஆடுவதை ஃபோனில் எடுத்து, சத்தத்தை முழுதாக வைத்துப் பாருங்கள். முதல் தடவை ஸ்னேரை மட்டும் கேளுங்கள், கால் எங்கே அதைவிட்டு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்த இடத்திலிருந்து பயிற்சியைத் தொடங்கலாம்.